வாசகர் கேள்வி – பதில்: 12 கேஜா, 20 கேஜா?

கேள்வி: நானும் என் மனைவியும் துப்பாக்கி உரிமமும் வேட்டைப் பயிற்சிச் சான்றிதழும் பெற்றுவிட்டோம். இலையுதிர் காலத்தில் வாத்து வேட்டைக்கும் கிரவுஸ் வேட்டைக்கும் செல்ல எண்ணியுள்ளோம். ஒரு ஷாட்கன் (பல சிறு குண்டுகளைச் சிதறச் சுடும் துப்பாக்கி) மட்டுமே வாங்க இயலும். 12 கேஜின் உதையைத் தோள் தாங்காது, 20 கேஜே போதும் என்கிறார் நண்பர். தங்கள் கருத்து என்ன?
– ஒரு வாசகர், ஒன்ராறியோ, கனடா

பதில்: கிரவுஸ் மட்டுமே என்றால் உங்கள் நண்பர் சொல்வது சரிதான். கவுதாரியை ஒத்த அப்பறவை அடர்ந்த காட்டில், பெரும்பாலும் குறைந்த தொலைவிலிருந்தே எழும்புவதால், நாள் முழுவதும் சுமந்து நடக்க எளிதான 20 கேஜே அதற்குப் பொருத்தம். ஆனால் வாத்து கணக்கை மாற்றிவிடுகிறது.

கேஜ் என்பது குழலின் அளவு. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் விட்டம் எவ்வளவோ, அதுவே 12 கேஜ் குழலின் உள்விட்டம், ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். இருபதாக்கினால் 15.6 மில்லிமீட்டர். எனவே எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும். இரண்டிலிருந்தும் குண்டுகள் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் வெளியேறுகின்றன. ஒரு தோட்டாவில் எத்தனை குண்டுகள் அடங்குகின்றன என்பதில்தான் வேறுபாடு.

நீர்நிலைகளின் அடியில் தங்கும் ஈயக் குண்டுகளை வாத்துகள் கூழாங்கல்லோடு சேர்த்து விழுங்கி நஞ்சேறி மடிந்ததால், வாத்து வேட்டையில் ஈயத்தை அமெரிக்கா 1991 முதலும் கனடா 1999 முதலும் நாடு முழுவதும் தடை செய்துள்ளன. அதற்கு மாற்றாகப் பெரும்பாலோர் பயன்படுத்தும் எஃகு, ஈயத்தைவிட ஏறத்தாழ முப்பது விழுக்காடு அடர்த்தி குறைந்தது. ஆகவே விரைவில் வேகம் இழக்கும். அதை ஈடுசெய்ய, ஈயத்தில் 4ஆம் எண் குண்டு பயன்படுத்திய இடத்தில் எஃகில் 2ஆம் எண் என, இரண்டு அளவு பெரிய குண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டியுள்ளது (இங்கும் எண் குறையக் குறையக் குண்டு பெரிது). பெரிய குண்டுகள் இடத்தை அடைக்கும். மூன்று அங்குல 12 கேஜ் தோட்டாவில் ஒன்றேகால் அவுன்ஸ், அதாவது சுமார் 155 குண்டுகள் இருக்க, 20 கேஜின் முக்கால் அவுன்ஸுக்குச் சற்று மேற்பட்ட வழக்கமான நிரப்பில் சுமார் 110 மட்டுமே இருக்கும். குண்டுகளின் பரவல் அடர்த்தி குறைந்தால் பறவை அடிபட்டும் விழாமல் தப்பிச் சென்று எங்கோ சாகும். வேட்டையில் இதைவிடப் பெரிய அவலம் இல்லை. எஃகைவிட அடர்த்தி மிகுந்த பிஸ்மத் உலோகக் குண்டுகள் 20 கேஜின் குறையைப் பெருமளவு தீர்க்கும் என்றாலும், விலை எஃகைவிடப் பல மடங்கு.

உதையைப் பொறுத்தவரை, அதைத் தீர்மானிப்பவை தோட்டாவின் நிரப்பும் துப்பாக்கியின் எடையுமே. ஒரே எடையுள்ள நிரப்பை ஏழரைப் பவுண்டு எடையுள்ள 12 கேஜிலும் ஆறு பவுண்டு எடையுள்ள 20 கேஜிலும் சுட்டால், தோளில் வலுவாக உதைப்பது இலகுவான 20 கேஜ்தான்.

ஆகவே மூன்று அங்குலத் தோட்டாவை ஏற்கும், வாயு விசையால் இயங்கும் அரைத் தானியங்கி 12 கேஜ் ஒன்றை வாங்குங்கள். அவ்வியக்கம் உதையை மேலும் தணிக்கும். பயிற்சிக்கும் கிரவுஸுக்கும் ஓர் அவுன்ஸ் அல்லது அதற்கும் குறைந்த தோட்டாக்களே போதும். ஆனால் அத்தகைய இலகுவான தோட்டாக்களிலும் தடையின்றி இயங்குகிறதா என்று கேட்டு வாங்குங்கள். குண்டுகளின் பரவலைக் கட்டுப்படுத்தக் குழல் வாயில் இருக்கும் குறுக்கமே சோக். எஃகுக் குண்டுகளுக்கு இறுக்கமான ஃபுல் சோக்கைத் தவிர்த்து, அதைவிடத் தளர்வான மாடிஃபைடு சோக்கைப் பொருத்துங்கள். தோளில் ஊன்றும் பின்பகுதியான கட்டையின் நீளம் உங்கள் மனைவியின் கைக்கும் தோளுக்கும் பொருந்துகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். பொருந்தாத கட்டைதான் பலருக்குத் தோள்வலி தருகிறது.

கேள்வி: செப்டம்பரில் புறா வேட்டைக்கு என்னுடன் வரவிருக்கும் பதினான்கு வயது மகனுக்கு .410 வாங்கித் தரலாமா? என்னிடம் இருப்பது 12 கேஜ்.
– ஒரு வாசகர், டெக்சாஸ், அமெரிக்கா

பதில்: வேண்டாம். .410 என்பது அங்குலக் கணக்கிலான குழல் விட்டம். கேஜாகச் சொன்னால் 67க்கு அருகில் வரும். உதை குறைவு என்பது உண்மைதான். ஆனால் அரை அவுன்ஸ் அளவே குண்டுகளைக் கொண்டு, விரைந்து பறக்கும் புறாவை வீழ்த்துவது கைதேர்ந்தவர்களுக்கே கடினம். பழகும் சிறுவன் தவறவிட்டுத் தவறவிட்டே ஆர்வம் இழப்பான். குட்டையான கட்டை கொண்ட 20 கேஜும் இலகுவான தோட்டாக்களும் வாங்கித் தாருங்கள்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. 20 கேஜ் தோட்டா 12 கேஜின் தோட்டா அறையில் நிற்காமல் வழுக்கிச் சென்று குழலுக்குள் சிக்கிக்கொள்ளும். அறை காலியாக இருப்பதாக எண்ணி 12 கேஜ் தோட்டாவை இட்டுச் சுட்டால் குழல் வெடித்துவிடும். 20 கேஜ் தோட்டாக்கள் மஞ்சள் நிறத்தில் வருவது இதற்காகவே. உங்கள் தோட்டாக்களையும் மகனுடையவற்றையும் ஒரே பையில் ஒருபோதும் போடாதீர்கள். விசையை இழுத்தும் வெடிக்கவில்லையென்றால், துப்பாக்கியைப் பாதுகாப்பான திசையில் சற்று நேரம் பிடித்திருந்து, பின் தோட்டாக்களை அகற்றி, குழலின் உட்புறத்தைப் பார்த்த பிறகே அடுத்த தோட்டாவை இடுங்கள்.