காற்றும் வாடகையும்: வாத்தியார் பதில்கள்

(ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியர், பினாங்கு)

வாத்தியார் ஐயா, எஸ்.டி.பி.எம். (பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வு) எழுதிய என் மகள் ஐரோப்பிய நகரங்களைப் பற்றிப் படிக்கப் போகிறாளாம். புவியியல், சமூகவியல், பொருளாதாரம் மூன்றும் கலந்த பட்டப்படிப்பு. கணக்கியல் படி என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். இது உருப்படுகிற வழியா?
- பட்டர்வொர்த் வாசகி

கணக்கியல் படித்தவர்களும் வேலை தேடி அலைகிறார்கள் அம்மா, அந்தக் கவலையை விடுங்கள். ஆனால் மூன்று பாடத்தையும் நுனிப்புல் மேய்ந்துவிட்டு வருகிற படிப்பு என்றால் வேண்டாம். பாடத்திட்டத்தில் புள்ளியியலும் கணினி வரைபடப் பயிற்சியும் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். போகிற ஊரின் மொழியை இப்போதே தொடங்கட்டும். குடியிருப்பவரிடம் நாலு வார்த்தை பேசத் தெரியாமல் என்ன சமூகவியல்?

லண்டனில் கிழக்குப் பகுதி ஏழைகளுடையது, மேற்கு பணக்காரர்களுடையது. பாரிசும் கிளாஸ்கோவும் அப்படித்தானாம். திசைக்கும் பணத்துக்கும் என்ன சம்பந்தம்?
- செந்தூல் மாணவர்

வாஸ்து என்று யாராவது கிளம்புவதற்குள் சொல்லிவிடுகிறேன்: காற்று. வடமேற்கு ஐரோப்பாவில் பெரும்பாலும் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும்தான் காற்று வீசும். ஆலையும் அடுப்பும் நிலக்கரியில் எரிந்த காலத்தில் புகை முழுவதும் கிழக்கே போய் விழுந்தது. வசதி உள்ளவன் மேற்கே வீடு பார்த்தான். கிழக்கில் வாடகை இறங்கியது, கூலிக்காரன் அங்கே போனான். லண்டனில் தேம்ஸ் ஆறும் கிழக்கே ஓடுகிறது. அதனால் கப்பல்துறைகளும் அந்தப் பக்கமே அமைந்தன. துறைமுகத்தில் அன்றாடக் கூலி. விடியற்காலையில் வாசலில் நின்றவனுக்குத்தான் வேலை என்றால், நடக்கிற தூரத்தில் குடியிருந்தாக வேண்டும். பார்த்தீர்களா, காற்றில் தொடங்கி வாடகை வழியாகக் குடும்பத்துக்குள் வந்துவிட்டோம்.

சார்ல்ஸ் பூத் என்ற கப்பல் முதலாளி 1889 முதல் லண்டன் வரைபடத்தைத் தெருத் தெருவாக வண்ணம் தீட்டி வெளியிட்டார். பெரும் பணக்காரர் தெரு மஞ்சள், மிக ஏழைத் தெரு கறுப்பு. 1952 டிசம்பரில் புகைமூட்டம் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற பிறகு 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. புகை ஒழிந்தது. ஆனால், அன்று இங்கிலாந்து நகரங்களில் புகை விழுந்த வட்டாரங்கள் பல இன்றும் பின்தங்கியே இருப்பதைப் பழைய புகைபோக்கிகளின் இடத்தை வைத்துப் பொருளியலாளர்கள் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

இதையே சூத்திரமாக மனப்பாடம் செய்துவிடாதீர்கள். பிரஸ்ஸல்சில் ஏழைத் தொழிலாளர் பகுதியான மோலன்பேக் மேற்கில் இருக்கிறது. அங்கே ஆலைகள் பள்ளத்தில் கால்வாயோரம் அமைந்தன, பணக்காரர்கள் தென்கிழக்கு மேட்டுக்குப் போனார்கள். பரீட்சையில் இந்த விதிவிலக்கை எழுதுகிறவனுக்கு நான் கூடுதல் மதிப்பெண் போடுவேன்.

வியன்னாவில் பாதிப் பேர் நகராட்சி வீட்டிலோ மானிய வீட்டிலோ இருக்கிறார்களாமே! ஜார்ஜ்டவுனிலும்தான் வாடகைக் கட்டுப்பாடு இருந்தது. நமக்கு ஏன் அப்படி அமையவில்லை?
- ஆயர் ஈத்தாம் வாசகர்

அங்கே 1917-இல், போர்க்காலத்தில், வாடகையை உறைய வைத்தார்கள். லாபம் இல்லை என்று தனியார் கட்டுவதை நிறுத்த, நிலத்தின் விலை சரிந்தது. நகராட்சி அதை மலிவாக வாங்கிப் போட்டது. 1923-இல் ஒரு வீட்டு வரி: சொகுசு மாளிகைக்குக் கடுமையாக, தொழிலாளி வீட்டுக்குப் பெயரளவில். அந்தப் பணத்தில் 1934-க்குள் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. 1930-இல் திறந்த கார்ல் மார்க்ஸ் குடியிருப்பு மட்டும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம். சலவைக்கூடம், குளியலறை, பாலர் பள்ளி, நூலகம் எல்லாம் உள்ளேயே.

நம்முடைய 1966 சட்டம், 1948-க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு வாடகையைக் கட்டிப்போட்டதோடு சரி. உரிமையாளர் கூரை ஓடுகளைக்கூட மாற்றவில்லை, அரசு பக்கத்தில் மாற்று வீடும் கட்டவில்லை. 1997-இல் ரத்துச் சட்டம் வந்து, 1999 முடிவோடு பாதுகாப்பும் போனது. பினாங்கு ஸ்திரீட்டில் என் கல்யாணப் பத்திரிகையை அச்சடித்த கடைவீட்டின் மாடியில் ஒரு குடும்பம் இருந்தது. இன்று அதே மாடியில், கட்டில்மேல் துண்டை அன்னமாக மடித்து வைத்த ஹோட்டல் அறை. கீழே சிவப்புத் தரையில் மைக்கறை மட்டும் போகவில்லை. அதையும் பாரம்பரியம் என்று படம் எடுக்கிறார்கள்!

ஐரோப்பா போக வசதியில்லை. இங்கேயே நகர ஆய்வு பழகலாமா?
- ஜெலுத்தோங் மாணவி

தாராளமாக. லெபோ பாசாரில் கடற்கரைப் பக்கமிருந்து கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை வரை நடம்மா. ஒவ்வொரு கடைவீட்டுக்கும் கீழே என்ன வியாபாரம், மேலே யார் தூங்குகிறார்கள் என்று குறித்துக்கொள். ஐந்தடியில் (கடை முன்னால் உள்ள நடைபாதையில்) மாட்டியிருக்கும் மின்சார மீட்டர்களை எண்ணு, எத்தனை குடித்தனம் என்று ஓரளவு பிடிபடும். ஏதாவது வாங்கிய பிறகு, கடைசியாக வாடகையைக் கேள். சனிக்கிழமை மட்டும் போகாதே, சுற்றுலாக் கூட்டத்தில் மீட்டரே கண்ணில் படாது.