கேள்வி-பதில்: மலர் அச்சிட மூன்று கொட்டேஷன், எதை நம்புவது?

கேள்வி: எங்கள் முன்னாள் மாணவர் சங்கத்துக்கு ஏ4 அளவில் 60 பக்க ஆண்டு மலர், 500 பிரதி வேண்டும். திருவல்லிக்கேணி, ராயப்பேட்டை அச்சகங்களில் கேட்டோம். ஒருவர் ‘56+4, 90 ஜிஎஸ்எம் மேப்லித்தோ, சென்டர் பின்’ என்கிறார். இன்னொருவர் ‘60+4’ என்கிறார். மூன்றாமவர் விலை குறைவு. ‘80 ஜிஎஸ்எம், பெர்ஃபெக்ட் பைண்டிங்’. எப்படி ஒப்பிடுவது?
– வாசகர், மயிலாப்பூர்

பதில்: இப்போது ஒப்பிடவே முடியாது; மூன்றும் வேறு வேறு சரக்கு. ஒரே விவரத்தை எழுதிக் கொடுத்து மூவரிடமும் மறுபடி விலை கேளுங்கள்.

‘+4’ என்பது ரேப்பர், அதாவது அட்டையின் நான்கு பக்கம். உங்கள் 60 பக்கம் ரேப்பரையும் சேர்த்துத்தான் என்றால் 56+4 என்றே எழுதுங்கள். சென்டர் பின்னுக்கு, அதாவது தாள்களை நடுவில் மடித்து மடிப்பில் பின் அடிப்பதற்கு, உள்பக்கங்கள் நான்கால் வகுபட வேண்டும். இந்தக் கனத்துக்கு அதுவே போதும். பெர்ஃபெக்ட் பைண்டிங் என்பது தாள்களின் முதுகில் கோந்து போட்டு அட்டையை ஒட்டுவது; இதில் முதுகு மூன்று மி.மீ. அளவே வரும், கோந்துக்குப் பிடிமானம் குறைவு.

மேப்லித்தோ என்பது பூச்சில்லாத வெள்ளை அச்சுத்தாள். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் காகிதத்தின் எடை, கிராமில். ஏமாறும் இடம் இதுதான், ஆனால் சோதிப்பது சுலபம். ஏ4 தாள் ஒன்று 90 ஜிஎஸ்எம்மில் சுமார் 5.6 கிராம், 80இல் 5 கிராம். 56 பக்கத்துக்கு 28 தாள்: 157 கிராம், அல்லது 140. ரேப்பர் 250 ஜிஎஸ்எம் என்றால் இன்னும் 31 கிராம். டெலிவரி எடுக்கும்போது பத்துப் பிரதிகளைச் சேர்த்துச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பத்தால் வகுங்கள். 90 ஜிஎஸ்எம் கேட்டிருந்தால் ஒன்று 188 கிராமை ஒட்டி வர வேண்டும். 171 என்றால் தாள் மாறியிருக்கிறது.

ஓரம்வரை படம் வரும் பக்கங்களுக்கு நாலு ஓரத்திலும் 3 மி.மீ. ப்ளீட், அதாவது வெட்டில் போகும் கூடுதல் படப்பகுதி, விடுங்கள்: ஃபைல் அளவு 216 × 303 மி.மீ. விடாவிட்டால் கட்டிங் சற்று விலகினாலும் வெள்ளைக் கோடு தெரியும். பக்க எண்ணை வெட்டு ஓரத்திலிருந்து 10 மி.மீ. உள்ளே வையுங்கள், சென்டர் பின்னில் நடுத்தாள்கள் வெளியே தள்ளி நிற்பதால் அவற்றில் ஓரம் கூடுதலாக வெட்டுப்படும்.

படங்களுக்கு 300 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி. வாட்ஸ்அப்பில் வந்த படம் 1600 பிக்சல் அகலம் என்றால் 13.5 செ.மீ.க்கு மேல் பெரிதாக்காதீர்கள்.

எழுத்துக்கு வெறும் கறுப்பு மை மட்டும். நான்கு நிறமும் கலந்த கறுப்பாக ஃபைலில் இருந்தால், பிளேட் (ஒவ்வொரு நிறத்துக்கும் உள்ள அச்சுத் தகடு) துளி விலகினாலும் ண, ன சுழிகள் மங்கிவிடும். ஃபாண்ட் உட்பொதித்த பிடிஎஃப் மட்டுமே கொடுங்கள். இல்லாவிட்டால் அச்சகக் கணினியில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறலாம். அங்கே எடுத்த ப்ரூஃபை (சோதனைப் பிரதியை) வரிவரியாகப் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். அதன்பின் வரும் திருத்தத்துக்குப் பிளேட் செலவு உங்கள் தலையில்தான்.