பட்டியலைப் போட்டது சரி, அந்த ஒரு வார்த்தை?

கேள்வி: என் பங்காளி ஒருவர் அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். பென்ஷன் மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் வாங்குகிறார், விவசாயிகளுக்கு மத்திய அரசு தரும் பி.எம்.கிசான் பணமும் வாங்குகிறார். வரப்புத் தகராறிலிருந்தே எங்களுக்கு ஆகாது. அவருடைய வங்கிக் கணக்கு, பென்ஷன் விவரம் கேட்டு ஆர்.டி.ஐ. போட்டேன், மறுத்துவிட்டார்கள். இணையதளத்தில் இருந்த கிராமப் பயனாளிகள் பட்டியலை எடுத்து, அவர் பெயரை வட்டமிட்டு, ‘அரசுப் பணத் திருடன்’ என்று ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அவதூறு என்று வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. நானும் என் மனைவியும் தனித்தனிப் பட்டாவுக்கு நேர்மையாகத்தான் வாங்குகிறோம். நான் என்ன தவறு செய்தேன்?

பதில்: வரப்பை விடுங்கள். அவர் என்ன பதவியில் ஓய்வு பெற்றார்? நீங்கள் எழுதாத இந்த ஒன்றுதான் முக்கியம். மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ பென்ஷன் வாங்குபவருக்கு பி.எம்.கிசான் கிடையாது என்பது சரி. ஆனால் நான்காம் நிலை ஊழியராக, அதாவது ‘டி’ பிரிவில், ஓய்வு பெற்றவருக்கு அந்தத் தடை இல்லை. அலுவலக உதவியாளராக இருந்து வெளியே வந்தவர் என்றால், அவர் வாங்கும் வருடம் 6,000 ரூபாய் அவருக்கு உரியதாகவே இருக்கலாம். இதைப் பார்க்காமல் ‘திருடன்’ என்று எழுதியிருக்கிறீர்கள்.

பட்டியலைப் பகிர்ந்ததில் எனக்குப் பயமில்லை. மானியத் திட்டப் பயனாளிகளின் விவரத்தை அரசு தானாகவே வெளியிட வேண்டும் என்று தகவல் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவே சொல்கிறது. வங்கிக் கணக்கும் பென்ஷனும் வேறு கதை. தனிநபர் தகவலைத் தர மறுக்க இடம் தரும் அந்தச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவில் செய்த திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபின் தனிநபர் தகவல் கேட்டால் கதவு இன்னும் இறுக்கம். பொதுநலன் என்று 8(2)-ஐக் காட்டலாம்தான், ஆனால் பங்காளிச் சண்டைக்காரர் கையில் அது எடுபடுவது கடினம். மேல்முறையீட்டில் காலத்தை வீணாக்காதீர்கள்.

இனி நோட்டீஸ். நான் பார்த்த கட்சிக்காரர்கள் விழும் குழி இதுதான். கோபத்தில், ‘ஆமாம், நான்தான் போட்டேன், நிரூபிக்கத் தயார்’ என்று ரிஜிஸ்டர் தபாலில் பதில் போட்டுவிடுவார்கள். அவ்வளவுதான், வெளியிட்டது யார் என்பதை எதிர்த்தரப்பு நிரூபிக்க வேண்டிய வேலை தீர்ந்தது. அப்புறம் சுமை முழுக்க உங்கள் தலையில். அவதூறுக்கான பாரதிய நியாய சன்ஹிதா 356-வது பிரிவில் விதிவிலக்கு உண்டு, ஆனால் சொன்னது உண்மை என்பது மட்டும் போதாது, பொதுநன்மைக்காகச் சொன்னதாகவும் காட்ட வேண்டும். குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே வரப்புத் தகராறைப் பற்றித்தான் இருக்கும். தண்டனை இரண்டு வருடம் வரை, அல்லது அபராதம், அல்லது இரண்டும், சமூக சேவையாகவும் இருக்கலாம். அந்த உச்சத் தண்டனை யாருக்கும் விழுந்து நான் அதிகம் பார்த்ததில்லை. வாய்தாவுக்கு அலைவதே போதுமான தண்டனை.

நேர்மையாகத்தான் வாங்குகிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தத் திட்டத்தில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, மைனர் பிள்ளைகள். ஒரு குடும்பத்துக்கு ஒரு தொகைதான், பட்டா தனித்தனியாக இருந்தாலும். அவர் மேல் நீங்கள் கொடுக்கும் புகாரை விசாரிக்க வரும் அதிகாரி உங்கள் பெயரையும் சேர்த்தே சரிபார்ப்பார். பெற்ற தவணைகளைத் திருப்பிக் கட்டச் சொன்னால் மறுக்க வழியில்லை. முதலில் உங்கள் வீட்டு இரண்டில் ஒன்றை நிறுத்தச் சொல்லி வேளாண்மை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

அதனால் சமாதானம் பேசுங்கள். பதிவின் ஸ்கிரீன்ஷாட்டை வைத்துக்கொண்டு அழித்துவிடுங்கள். நோட்டீசில் சொன்ன கெடுவுக்குள் வக்கீல் மூலம் இரண்டு வரி வருத்தம் போகட்டும். வருத்தம் அந்தச் சொல்லுக்கு மட்டும். பட்டியல் பொய் என்றோ, இனிப் புகார் தர மாட்டேன் என்றோ கையெழுத்துப் போடாதீர்கள். வழக்கே போட்டாலும் இது பாதிக்கப்பட்டவர் சம்மதித்தால் ராஜியாகக்கூடிய குற்றம்தான். அவர் தரப்பில் வழக்கு போடுவதில்லை என்று எழுத்தில் வாங்காமல் மட்டும் உங்கள் கடிதத்தை அனுப்ப வேண்டாம்.