கன்சல்டன்ட் ஆகிறதுக்கு முதல்

கேள்வி (ஒரு தாய், களுவாஞ்சிக்குடி): சேர், மகன் வந்தாறுமூலை கெம்பஸ்ல மெனேஜ்மன்ட் முடிச்சிட்டு வீட்ட இருக்கான். அரசாங்க வேலைக்கு எழுதுடா எண்டா மாட்டானாம், மார்க்கெட்டிங் கன்சல்டன்ட் ஆகப்போறானாம், விசிட்டிங் காட் கூட அடிச்சிட்டான். புத்தி சொல்றதுக்கு ஆராவது காசு தருவாங்களா? நீங்க எப்பிடி இதுக்குள்ள வந்தீங்க?

பதில்: தருவாங்க தங்கச்சி, ஆனா காட் அடிச்ச கையோட இல்ல. எனக்கு முதல் ஃபீஸ் கிடைக்கக்குள்ள வயசு 46. அதுக்கு முதல் 22 வருசம் பிஸ்கட், சவுக்காரம், பால்மா எண்டு மாறி மாறி வித்தன், ஏறாவூர்ல இருந்து பொத்துவில் மட்டும் மோட்டசைக்கிள்ல. ஓடர் எழுதுறது லேசு, மறுகா போய் காசு எடுக்கிறதுதான் வேல. செக் திரும்பினா என்ட சம்பளத்துல வெட்டுவாங்க, அப்பிடி வெட்டு வாங்கி வாங்கித்தான் எந்தக் கடைக்கு எவ்வளவு கடன் குடுக்கலாம் எண்டு படிச்சன்.

கொழும்பு ஹெட் ஒஃபிஸ் வருசக் கடைசி எண்டு டிசம்பர்ல இவ்வளவு விக்கணும் எண்டு பெரிய டாகெட் போடும். இஞ்ச அப்ப மாரி மழ, வெள்ளம், வெள்ளாமக்காரன் கையில இருந்ததெல்லாம் உரத்துக்கும் மருந்துக்கும் போயிருக்கும். நம்மட பக்கம் காசு புழங்குறது மாசி பங்குனியில, பெரும்போகம் வெட்டி நெல்லு வித்த பொறகு, அப்ப பாருங்க நகைக்கடையில இருந்து மோட்டசைக்கிள் கடை வரைக்கும் சனம். இத நான் மீட்டிங் மீட்டிங்கா கத்தினன், ஒருத்தரும் காது குடுக்கல்ல. வேலைய விட்டுட்டு கன்சல்டன்ட் எண்டு போய் அதே கதைய சொன்னன், காசு தந்து கேட்டாங்க, சிரிக்காதீங்க!

மருதமுனையில கைத்தறிச் சாரம் நெய்ற ஒருத்தர் ஃபேஸ்புக்ல விளம்பரம் போடணும் எண்டு கூப்பிட்டார். ரெண்டு நாள் தறியடியில குந்தி இருந்து பாத்தா, போன தரம் அனுப்பின நீலம் வேற, இந்தத் தரம் நீலம் வேற, கொழும்புக் கடை ரெண்டாம் ஓடர் தராததுக்கு அதான் காரணம். ஒரு ஓடருக்குரிய நூல ஒண்டாச் சாயம் போட்டு, சாய அளவ கொப்பியில எழுதி வைங்க எண்டன். விளம்பரத்துக்கு ஒரு சதமும் போகல்ல. எனக்கு கொஞ்சக் காசும் ரெண்டு சாரமும் கிடைச்சிது.

மகன முதல்ல ரெண்டு மூணு வருசம் என்னப்போல கடை கடையாப் போய் ஓடர் எடுக்கிற சேல்ஸ் ரெப்பா அனுப்புங்க. படிக்கணும் எண்டா 1970ல தொடங்கின இலங்கை சந்தைப்படுத்தல் நிறுவனத்துல கோர்ஸ் இருக்கு, வேல செஞ்சுகொண்டு படிக்கிறது நல்லம், கேட்டதை அடுத்த நாளே கடையில பாக்கலாம். அடிச்ச காட்ட எறிய வேணாம், பின்பக்கம் வெறுமையாத்தானே இருக்கும், ஓடர் எழுத உதவும்.

கேள்வி (அக்கரைப்பற்று வாசகர்): சேல்சும் பிஸ்னஸ் டெவலப்மன்டும் ஒண்டுதானே?

பதில்: இல்ல தம்பி. வழமையா வாங்குற கடைக்கு இன்னும் பத்துப் பெட்டி இறக்கினா சேல்ஸ். உங்கட சாமான இதுவரைக்கும் வாங்காத இடத்த, பாசிக்குடா ஹோட்டல் மாதிரி, தேடிப் போய் திறக்கிறதுதான் மற்றது. அங்க பில் குடுத்து காசு கைக்கு வர மாசக்கணக்கு ஆகலாம், அதுவரைக்கும் தாக்குப்பிடிக்க கையில முதலீடு இருக்கா எண்டு பாத்துட்டு போங்க.