மலைவேம்பு பிளைவுட்டை நம்பி வாங்கலாமா?

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் ஃபிளாட் வாங்கியிருக்கிறோம். மைசூர் ரோடு டிம்பர் யார்டு பக்கம் ஒரு கடையில், உள்ளே யூகலிப்டஸும் மலைவேம்பும் வைத்த 18 மி.மீ. பிளைவுட் காட்டினார்கள். எங்கள் ஆசாரியோ, "அஞ்சாறு வருஷத்துல வளர்ற மரம்மா, தாங்காது. சிவப்பா இருக்கிற குர்ஜன் மரப் பலகை போடுங்க" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: ஆசாரியின் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. இளமரத்தில் ஈரமும் மாவுச்சத்தும் அதிகம். சரியாக உலர்த்தாவிட்டால் பலகை வளையும், மருந்து ஏற்றாவிட்டால் வண்டு துளைக்கும். யூகலிப்டஸ் இன்னும் கொஞ்சம் முரட்டு மரம், உலரும்போதே முறுக்கிக்கொள்ளும்.

ஆனால் பிளைவுட் என்பது வெறும் மரம் இல்லை. மரத்தை மெல்லிய ஏடுகளாக உரித்து, உலர்த்தி, ஒரு ஏட்டின் நார் அடுத்ததற்குக் குறுக்கே வரும்படி அடுக்கி, பசை தடவிச் சூடாக அழுத்துகிறார்கள். உலர்த்தலும் பசையும் ஒழுங்காக இருந்தால் மலைவேம்பு பலகையும் நன்றாக உழைக்கும். இன்று நாட்டில் விற்கும் பிளைவுட்டில் பெரும்பகுதி விவசாயிகள் வளர்த்த பாப்லர், யூகலிப்டஸ் போன்ற மரங்கள்தான். 'குர்ஜன்' என்று விற்பதிலும் பல சமயம் மேலே ஒட்டிய மெல்லிய ஏடு மட்டுமே குர்ஜன். அந்தச் சிவப்பு நிறத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

நீங்கள் கேட்க வேண்டியது பசையைப் பற்றி. எம்.ஆர். (ஓரளவு ஈரப்பதம் மட்டும் தாங்கும்) ரகத்தில் யூரியா பசை. படுக்கையறை வார்ட்ரோபுக்குப் போதும், சிங்க் அடியில் வைத்தால் ஊறிப் பிரிந்துவிடும். சமையலறைக்கு ஃபீனால் பசை போட்ட, ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர எண் கொண்ட ரகமே வாங்குங்கள். அதன் தரச் சோதனையில் 72 மணி நேரம் கொதிக்க வைத்தும் பசை விடக்கூடாது. கடையில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, பழைய பாத்திரத்தில் ஜன்னலைத் திறந்துவைத்து ஏழெட்டு மணி நேரம் கொதிக்க விடுங்கள். அது முழுச் சோதனை ஆகாதுதான். ஆனாலும் எம்.ஆர். பலகையை 710 என்று தள்ளிவிட்டிருந்தால் பெரும்பாலும் ஏடு பிரிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

அப்புறம் ஷீட்டின் ஓரத்தை நாலு பக்கமும் பாருங்கள். ஏடுகளுக்கு நடுவே இடைவெளி தெரிந்தாலோ, ஏட்டின் மேல் ஏடு ஏறி உட்கார்ந்திருந்தாலோ வேண்டாம். அங்கே திருகு பிடிக்காது. வண்டு பற்றிய பயத்துக்கு, மருந்து ஏற்றிய பலகையா என்று கேட்டு அதையும் பில்லில் எழுத வையுங்கள். 18 மி.மீ. என்பதையும் அளந்து பாருங்கள், குறைத்து விற்பது சகஜம்.

ஷீட்டில் அச்சிட்ட ஐ.எஸ்.ஐ. முத்திரையில் மேலே ஐ.எஸ். எண், கீழே உரிம எண் இருக்கும். உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் எந்தக் கம்பெனி, எந்தப் பொருளுக்கு வாங்கிய உரிமம் என்று தெரிந்துவிடும். எம்.ஆர். போன்ற சாதாரண பிளைவுட்டுக்கான ஐ.எஸ். 303 உரிமத்தை வைத்து 710 விற்றால் அங்கேயே பிடிபடும்.

ரகம், கனம், ஐ.எஸ். எண் மூன்றும் பில்லில் இருக்கட்டும். கடைக்காரர் மழுப்பினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். இதையெல்லாம் ஆசாரி ரம்பம் வைப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள், வெட்டிய ஷீட்டை எந்தக் கடைக்காரரும் லேசில் திரும்ப எடுக்க மாட்டார்.