பதில்: கட்டி ஷாம்புக்கு மாறியதும் முடி பிசுபிசுக்கிறது

பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாமென்று கட்டி ஷாம்பு வாங்கினீர்கள், 2 வாரத்தில் தலை மெழுகு பூசியதுபோல் ஆகிவிட்டது, வீட்டில் போர் தண்ணீர் என்கிறீர்கள். குற்றவாளி அந்தத் தண்ணீர்தான், கூட்டாளி அந்தக் கட்டி.

அட்டையைப் பாருங்கள். சோடியம் கோகோயேட், சோடியம் பாமேட் என்று இருந்தால் அது அசல் சோப்பு. உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத படிவாகி முடியில் ஒட்டிக்கொள்ளும். சோப்புத் தண்ணீர் வைத்த பக்கெட் ஓரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சமாச்சாரம். சோடியம் கோகோயில் ஐசெதியோனேட் (இது நுரைக்கும், ஆனால் சோப்பு இல்லை) என்று போட்ட கட்டியில் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

இப்போதைக்கு, கடைசியாக அலசும்போது ஒரு மக் தண்ணீரில் ஒரு ஸ்பூன் வினிகர் கலந்து ஊற்றி, பிறகு நன்றாக அலசுங்கள். படிவு விட்டுப்போகும். சோப்புக் கட்டியைத் தூக்கிப் போடாதீர்கள், கை கழுவ ஆகும்.

என்னைக் கேட்டால் சீயக்காய்தான். அதில் நுரைப்பது சப்போனின், சோப்பு இல்லை. அதனால் உப்புத் தண்ணீரிலும் அந்தப் படிவு வராது. நாட்டு மருந்துக் கடையில் டப்பா கொண்டுபோய் வாங்கி மில்லில் அரைத்துக்கொள்ளலாம் (தும்மல் நிச்சயம்). சோறு வடித்த கஞ்சியில் கரைத்து, துணியில் வடிகட்டித் தேயுங்கள். வடிகட்டாமல் தேய்த்து எங்கள் பாத்ரூம் குழாய் ஒருமுறை அடைத்துக்கொண்டது. அப்புறம், கண்ணை இறுக்க மூடிக்கொள்ளுங்கள்!