அண்ணன் கணக்கு, தம்பி கணக்கு

அன்புள்ள சார்,

நானும் என் தம்பியும் சின்ன வயதிலிருந்தே குத்துச்சண்டைப் பைத்தியங்கள். போன வாரம் உக்ரைனின் ஹெவிவெயிட் (உச்ச எடைப் பிரிவு) சாம்பியன்களாக இருந்த கிளிச்கோ சகோதரர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்து, சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து போகும் அளவுக்கு வந்துவிட்டது. நான் மூத்தவர் விட்டாலி கட்சி. 47 சண்டை, 45 வெற்றி, அதில் 41 நாக்அவுட், இரண்டே தோல்வி. விளாடிமிர் 69 சண்டையில் 64 வென்றவர், 5 தோற்றவர், நாக்அவுட் 53. நாக்அவுட் சதவீதம் போட்டால் அண்ணனுக்கு 87, தம்பிக்கு 77. இதற்கு மேல் என்ன பேச்சு என்கிறேன். "அண்ணன் என்றாலே உனக்குப் பரிவு வந்துவிடும்" என்கிறான் அவன். நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

ச., சேலம்

அன்புள்ள ச.,

நான் எங்கள் வீட்டில் கடைக்குட்டி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தீர்ப்பு உங்கள் தம்பி பக்கம்தான் சாயப் போகிறது.

ஆனாலும் உங்கள் கட்சிக்கு ஒரு வலு இருக்கிறது, அதை நீங்களே கடிதத்தில் எழுதவில்லை. விட்டாலியின் அந்த இரண்டு தோல்விகளிலும் சண்டை நின்றபோது புள்ளியில் முன்னால் இருந்தவர் அவர்தான். 2000 ஏப்ரலில் பெர்லினில் கிறிஸ் பேர்டுக்கு எதிராக ஒன்பது சுற்று முடிந்த நிலையில் எட்டிப்பிடிக்க முடியாத தூரத்தில் இருந்தார். இடது தோளில் தசைநார் கிழிந்துவிட்டது. முக்காலியிலிருந்து எழவில்லை. 'பயந்து விட்டுக்கொடுத்தான்' என்ற பேச்சு அவரை வெகுநாள் துரத்தியது. அதை முடித்துவைத்தது இன்னொரு தோல்விதான். 2003 ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸில் அப்போதைய சாம்பியன் லெனாக்ஸ் லூயிஸோடு மோத வேண்டியவர் வேறொருவர். அவர் காயம்பட்டு விலக, அதே மேடையில் துணைச் சண்டைக்காகத் தயாராகிக்கொண்டிருந்த விட்டாலி சுமார் இரண்டு வார அவகாசத்தில் உள்ளே வந்தார். மூன்றாவது சுற்றில் கண்ணுக்கு மேலே தோல் பிளந்தது. ஆறு சுற்று முடிவில் மருத்துவர் நிறுத்தச் சொன்னார், விட்டாலியோ நிறுத்தாதே என்று கத்தினார். மூன்று நடுவர்களின் தாளிலும் 58-56 என்று அவரே முன்னிலை. லூயிஸ் அதற்குப் பிறகு கையுறை மாட்டவே இல்லை. இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்: தொழில்முறைச் சண்டையில் விட்டாலியைத் தரையில் விழவைத்தவர் யாரும் இல்லை.

இவ்வளவையும் எழுதிவிட்டு நான் ஏன் தம்பி பக்கம் போகிறேன்?

சகோதரர்கள் இருவரும் தொழில்முறைக்கு வந்தது ஒரே இரவில், ஹாம்பர்க்கில், 1996 நவம்பர் 16 அன்று. கிளம்பிய இடம் ஒன்றுதான், ஆகவே 47க்கும் 69க்கும் இடையில் உள்ள 22 சண்டைகளைச் சும்மா தள்ளிவிட முடியாது. விட்டாலி 2004 டிசம்பரில் டேனி வில்லியம்ஸை வென்றார், அடுத்த சண்டை 2008 அக்டோபரில். நடுவில் உடம்பு ஒத்துழைக்கவில்லை, முழங்கால் போய் ஓய்வையே அறிவித்துவிட்டார். 33 வயதிலிருந்து 37 வரை என்பது ஒரு ஹெவிவெயிட்டுக்கு மிச்சமிருக்கும் நல்ல காலம். எழுதாத பரீட்சையில் யாரும் ஃபெயிலாவதில்லை, பாஸும் ஆவதில்லை. நீங்கள் போட்ட 87 சதவீதத்தில் அந்த நான்கு வருடம் இல்லை.

அந்த வருடங்களில் விளாடிமிர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று பாருங்கள். 2003இல் கோரி சாண்டர்ஸ் அவரை இரண்டே சுற்றில் புரட்டிப்போட்டார், 2004இல் லாமன் புரூஸ்டர் ஐந்தாவது சுற்றில். தாடை கண்ணாடி, ஒரு குத்துத் தாங்காது என்று எல்லோரும் எழுதி முடித்துவிட்டார்கள். பயிற்சியாளர் இமானுவேல் ஸ்டீவர்டின் கையில் அவர் மெதுவாக வேறு ஆளானார்: இடது கையின் நீட்டிய நேர்க்குத்தால் (ஜாப்) எதிராளியைத் தூரத்திலேயே நிறுத்துவது, நெருங்கி வந்தால் கட்டிப்பிடித்து மேலே சாய்ந்து களைப்பாக்குவது, வலது கையைக் காத்திருந்து விடுவது. பார்க்க அலுப்பாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். 2013இல் மாஸ்கோவில் பொவெட்கினோடு நடந்த பன்னிரண்டு சுற்றையும் நான் தூங்காமல் பார்த்ததே பெரிய காரியம். ஆனால் 2006 ஏப்ரலிலிருந்து 2015 நவம்பர் வரை, ஒன்பதரை ஆண்டுக்கும் மேல், பட்டம் அவரிடமே இருந்தது. தொடர்ச்சியாக 18 முறை காத்துக்கொண்டார். ஹெவிவெயிட்டில் ஒரே மூச்சில் அதைவிட நீண்ட காலம் பட்டத்தோடு இருந்தவர் அந்தக் கால அமெரிக்கச் சாம்பியன் ஜோ லூயிஸ் மட்டும்தான். விளாடிமிருடைய ஐந்து தோல்விகளில் கடைசி இரண்டு 39 வயதில் டைசன் ஃபியூரியிடமும் 41 வயதில் ஆண்டனி ஜோஷுவாவிடமும் வந்தவை.

அதனால் முழுத் தொழில் வாழ்க்கை என்று கேட்டால் விளாடிமிர். ஒரே ஒரு இரவு, உயிரே போனாலும் ஜெயிக்க வேண்டும், யாரை அனுப்புவாய் என்று கேட்டால் விட்டாலியைத்தான் அனுப்புவேன். கைகளைத் தாழ்த்தி, உடம்பைப் பின்னால் வளைத்து, எங்கிருந்து வருகிறது என்று தெரியாத கோணத்தில் அடிக்கும் அந்த விகாரமான சண்டைக்குத் திட்டம் போட்டு வந்தவர்கள் எல்லாம் திணறினார்கள்.

இனி என்னை உண்மையில் தொந்தரவு செய்யும் விஷயம். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தோல்விகளை மட்டும் படியுங்கள். 1998இல் கீவில், சொந்த ஊர் கூட்டத்தின் முன்னால், 22 வயது விளாடிமிர் மூச்சு வாங்கிப்போய் ராஸ் பியூரிட்டியிடம் பதினோராவது சுற்றில் தோற்றார். மூன்று வருடம் கழித்து விட்டாலி அதே பியூரிட்டியை வென்றார், அதுவும் பதினோராவது சுற்றில். அண்ணன் பேர்டிடம் உலகப் பட்டத்தை இழந்த ஆறே மாதத்தில் தம்பி பேர்டைக் கொலோனில் வென்று அந்தப் பட்டத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார். தம்பியை உருட்டிய சாண்டர்ஸை அண்ணன் 2004இல் எட்டு சுற்றில் முடித்தார். ஆக இருவருக்கும் சேர்த்து ஏழு தோல்வி, அதில் மூன்றை மற்றவர் போய் வசூலித்திருக்கிறார். புரூஸ்டர் பாக்கியை மட்டும் விளாடிமிர் 2007இல் தானே தீர்த்துக்கொண்டார். பங்காளிகளின் கூட்டு வயல் மாதிரி இது, எந்த வரப்பு யாருடையது என்று நீங்களும் உங்கள் தம்பியும் எப்படிப் பிரிப்பீர்கள்?

இந்தப் பாசத்துக்கு அவர்கள் விலையும் கொடுத்திருக்கிறார்கள். 2011 ஜூலையில் விளாடிமிர் டேவிட் ஹேயை வென்றபோது நான்கு பெரிய அமைப்புகள் தரும் உலகப் பட்ட பெல்ட்டுகள் நான்கும் ஒரே வீட்டுக்குள் வந்துவிட்டன, மூன்று தம்பியிடம், டபிள்யூ.பி.சி. (உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில்) பெல்ட் அண்ணனிடம். ஒருவரோடொருவர் மோதுவதில்லை என்று தாய்க்குக் கொடுத்த வாக்கு குறுக்கே நின்றது. எவ்வளவு பணம் காட்டினாலும் மோதவில்லை. நான்கு பெல்ட்டையும் ஒருவரே சேர்த்த முழுச் சாம்பியன் என்ற வரி இருவர் பெயரிலும் இல்லை. 2013 டிசம்பரில் விட்டாலி அரசியலுக்காகத் தன் பட்டத்தைத் துறந்தார், அடுத்த வருடம் கீவ் மேயர் ஆனார்.

உங்கள் தம்பியோடு இன்னும் பேச்சுவார்த்தை இருக்கிறது என்றால் இருவரும் சேர்ந்து இரண்டு சண்டை பாருங்கள். அவர் விட்டாலி-லெனாக்ஸ் லூயிஸ் சண்டையின் இரண்டாவது சுற்றைப் பார்க்கட்டும், லூயிஸின் கால்கள் தள்ளாடுவது தெரியும். நீங்கள் 2017இல் லண்டன் வெம்ப்ளி அரங்கில் நடந்த விளாடிமிர்-ஜோஷுவா சண்டையின் ஐந்தாவது, ஆறாவது சுற்றுகளைப் பாருங்கள். ஐந்தாவதில் 41 வயது ஆள் விழுந்து எழுகிறார். ஆறாவதில் ஜோஷுவா விழுகிறார். சாப்பாட்டை முடித்துவிட்டுப் பாருங்கள்.

அன்புடன்